ஸ்பிரிட் காயும் நேரம்

ஊசி குத்துவதற்கு முன்னால் கையில் தடவுகிற ஸ்பிரிட் காய எவ்வளவு நேரமாகும் என்று யாராவது என்னைக் கேட்டால், ஒருவர் தன் ஊரைச் சொல்லி முடிக்கிற நேரம் என்பேன். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு. என் மதினியின், அதாவது அண்ணன் மனைவியின், கணக்கு. கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் வார்டு சிஸ்டராக இருந்தாள். அவள் மேஜைமேல் வாய் அகன்ற ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும். அதற்குள் ஸ்பிரிட்டில் ஊறிய பஞ்சு உருண்டைகள் கிடக்கும். இடுக்கியால் ஓர் உருண்டையை எடுத்துப் பிழிந்து, நோயாளியின் முழங்கை மடிப்பில் நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். பஞ்சைக் குப்பையில் போடுவாள். அதற்கப்புறம் ஊசியை எடுக்கமாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பாள்.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தைப் பதிலோடு தப்பித்துவிட முடியாது. "நமக்கு ஓட்டப்பிடாரம் பக்கம்" என்பார் அவர். "பக்கம்னா எங்கன?" என்பாள் மதினி. அவர் ஊரைச் சொல்லி, ஊருக்கு மேற்கே போகிற வண்டிப்பாதையைச் சொல்லி, பெண் எடுத்த ஊரையும் பெண் கொடுத்த ஊரையும் சொல்லி, அந்த ஊரில் மதினிக்குத் தெரிந்த யாராவது ஒருவர் வந்து நிற்பதற்குள் கையில் ஈரம் போயிருக்கும். பேச்சு பேச்சாக இருக்கும்போதே ஊசி உள்ளே போய், ரத்தம் வந்து, வேலை முடிந்திருக்கும். புதிதாக வருகிற நர்ஸ் பிள்ளைகள், "சிஸ்டருக்கு வாய் ஓயாது" என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே ஆஸ்பத்திரியின் லேப் என் பொறுப்பில் இருந்தது. மதினி எடுக்கிற ரத்தம் என் மேஜைக்குத்தான் வரும்.

விடாத காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கு ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கல்ச்சர் என்போம். கிருமிக்குச் சாப்பாடாக ஒரு சத்துத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து வைத்திருப்போம். அதில் ரத்தத்தைச் செலுத்தி, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரத்தத்தில் கிருமி இருந்தால் அது தின்று பெருகி, தெளிவாக இருந்த பாட்டில் கஞ்சித் தண்ணீராகக் கலங்கும். கேட்க லேசாக இருக்கும். ஆனால் நம் எல்லோருடைய தோலிலும் கிருமிகள் குடியிருக்கின்றன. குளித்தாலும் போகாது. ஸ்பிரிட் காயக் காயத்தான் அவை சாகும். ஸ்பிரிட் காய்வதற்குள் அவசரப்பட்டுக் குத்தினால், அவை ஊசியைப் பிடித்துக்கொண்டு பாட்டிலுக்குள் வந்துவிடும். அப்போதும் பாட்டில் கலங்கும். ரத்தத்திலிருந்து வந்ததா, தோலிலிருந்து வந்ததா என்று பாட்டில் சொல்லாது. அதைச் சொல்வதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை. நோயை அழுக்கு என்று சொல்லிவிட்டால் ஆள் போய்விடுவார். அழுக்கை நோய் என்று சொல்லிவிட்டால், தேவையில்லாத மருந்தை உடம்பு முழுக்க ஏற்றிக்கொண்டு கிடப்பார். நான் இந்த விஷயத்தில் கொஞ்சம் சிடுசிடுப்பான ஆள். கலங்கிய பாட்டில் எதையும் முதலில் நம்பமாட்டேன்.

எங்கள் வீடு கூட்டுக் குடும்பம். அண்ணன் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தான். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். காலையில் நானும் மதினியும் தூக்குச்சட்டியோடு ஒன்றாக ஆஸ்பத்திரிக்குப் போவோம், சாயங்காலம் ஒன்றாகத் திரும்புவோம். மதினி என்னைவிட மூத்தவள். என்னைத் தம்பி என்பாள். கோபம் வந்தால் மட்டும் கொழுந்தனாரே என்பாள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. கல்யாணமாகிச் சில வருடங்களில் மதுரையில் நெஞ்சைத் திறந்து, கெட்ட வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். அதிலிருந்து அவள் பக்கத்தில் போனால் ஒரு சத்தம் கேட்கும். மிக்ஸியும் டிவியும் ஓயும் நேரத்தில் அடுப்படியில் அவள் நின்றால், டிக், டிக் என்று தெளிவாகவே கேட்கும். என் மகள் அவள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு, "பெரியம்மா, உள்ள யாரு சொடக்குப் போடுதா?" என்று கேட்டாள். "ஒங்க பெரியப்பாதான். காப்பி கேட்டுச் சொடக்குப் போடுதாரு" என்றாள் மதினி. அந்தச் சத்தம் எங்கள் வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. ஆடிக்காற்று அந்த வருடம் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. உழுது போட்ட கரிசல் முழுவதும் ஊருக்குள் குடிவந்த மாதிரி, துடைத்த மேஜை அடுத்த நிமிடமே கறுத்துப்போகும். அந்தச் சமயத்தில் வார்டிலிருந்து வந்த கல்ச்சர் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலங்க ஆரம்பித்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே கிருமி, குச்சி குச்சியாக, தடித்தடியாக. கிருமிக்குச் சத்து ஊற்றி உறையவைத்த தட்டில் வளர்த்தால் காய்ந்த தோசை மாவு மாதிரி சாம்பல் நிறத்தில் படர்ந்தது. அது மண்ணில் வாழ்கிற கிருமி. அத்தனை பேர் ரத்தத்திலும் ஒரே சமயத்தில் மண் கிருமி புகுந்திருக்க வாய்ப்பே இல்லை. நான் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் கண்டாமினேஷன் என்று எழுதி அனுப்பினேன். டாக்டர் ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, வார்டுக்குப் போய் மதினியிடம் ஏதோ கேட்டிருக்கிறார்.

அன்று மதினி எனக்காகக் காத்திராமல் முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது ரசக் கரண்டியோடு எதிரில் வந்து நின்றாள்.

"கொழுந்தனாரே, ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கீங்க?"

"கண்டாமினேஷன்னு எழுதியிருக்கேன் மதினி."

"அதுக்குத் தமிழ்ல என்ன?"

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் தண்ணீர் குடிக்கப் போயிருப்பான். நான், "அழுக்கு கலந்துபோச்சுன்னு அர்த்தம்" என்றேன்.

"யாரு அழுக்கு?"

அண்ணன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியை ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வாங்களேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டான். மதினிக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. ஒரு நர்ஸிடம் உன் கை அழுக்கு என்று சொல்வது, சமைக்கிறவரிடம் உன் சோற்றில் புழு என்று சொல்வதற்குச் சமம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கவும் வழி தெரியவில்லை. ஏனென்றால் ரிப்போர்ட் சரி என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவள் நேரே லேப்புக்கு வந்து, கிருமி வளர்க்கிற தட்டின் முன்னால் கையை நீட்டினாள். "இந்தக் கையில அந்தக் கிருமி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. இருந்தா நான் வார்டுக்குப் போகல, வீட்டுக்குப் போறேன்." அவள் விரல்களைத் தட்டில் அழுத்தி எடுத்தாள். நியாயம் எல்லோருக்கும் பொது என்று என் விரல்களையும் இன்னொரு தட்டில் அழுத்தினேன். கையில் இறுக்கிக் கட்டுகிற ரப்பர் குழாயை வைத்து எடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஜாடியிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையையும் கொண்டுவந்து ஒரு தட்டில் தொட்டு வைத்தேன்.

அதற்கடுத்த காலையில் தட்டுகளைத் திறந்தபோது மதினியின் விரல் பட்ட இடத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், எல்லோர் தோலிலும் இருக்கிற சாதுவான கிருமிகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. என் தட்டில் அதே புள்ளிகள் கொசகொசவென்று நிறைய. இதை அவள் கடைசிவரை ஒருவரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. ரப்பர் குழாயிலும் அந்த மண் கிருமி இல்லை. பஞ்சு வைத்த தட்டில்தான் சாம்பல் நிறம் விளிம்புவரை படர்ந்து கிடந்தது. நான் மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பஞ்சு அவளுடையது. ஆஸ்பத்திரிக்குக் கடையிலிருந்து வருகிற பஞ்சுச் சுருள் மஞ்சளாக, தூசியும் தும்புமாக இருக்கிறது என்று அவளுக்கு ரொம்ப நாளாக அருவருப்பு. குளத்தூர்ப் பக்கத்தில் அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் பருத்திப் புஞ்சை இருந்தது. கொட்டை நீக்கிய பஞ்சில் ஒரு பொதியைக் கேட்டு வாங்கிவந்திருக்கிறாள். பச்சைப் பஞ்சில் எண்ணெய்ப் பசை உண்டு, ஸ்பிரிட்டை இழுக்காது. அதற்காகச் சோடா உப்புப் போட்டுப் பெரிய அண்டாவில் வேகவைத்து, அலசி, எங்கள் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காயப்போட்டிருக்கிறாள். பூப்போல இருந்தது அந்தப் பஞ்சு. டாக்டர்கூட இது எங்கே வாங்கியது என்று கேட்டாராம். புண்ணுக்குக் கட்டுகிற துணியையும் பஞ்சையும் நாங்கள் நீராவி அழுத்தத்தில் வேகவைத்துத்தான் எடுப்போம். ஸ்பிரிட்டில் கிடக்கிற பஞ்சுக்கு அதெல்லாம் எதற்கு, ஸ்பிரிட்டே எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

"வேக வச்சேனே தம்பி. கொதிக்கக் கொதிக்க வேக வச்சேனே. அப்பவும் சாகாதா?" என்றாள்.

சாகாது என்று சொன்னேன். அந்த மண் கிருமிக்கு ஒரு குணம் உண்டு. நிலைமை சரியில்லை என்றால் கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டு, விதையைப் போல் கிடக்கும். கொதிநீரும் ஸ்பிரிட்டும் அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. சத்துத் தண்ணீர் கிடைத்ததும் முளைத்துக்கொள்ளும். இதற்கு மேல் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. காய்ந்த கரிசலில் விதை மழைக்காக எத்தனை நாள் படுத்துக் கிடக்கும் என்று பார்த்து வளர்ந்தவள். பஞ்சோடு ஊரிலிருந்து கொஞ்சம் வந்திருக்கும். மொட்டை மாடியில் ஆடிக்காற்று மிச்சத்தைக் கொண்டுவந்து தூவியிருக்கும்.

"எங்கய்யா புஞ்சைல வெளஞ்சது" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "அப்ப என் கை சுத்தம்தான?" என்றாள். "உங்க கை சுத்தம் மதினி. என் கைதான் மோசம்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றே ஜாடியைக் கவிழ்த்து, கடைப் பஞ்சை நீராவியில் வேகவைத்து, புது ஸ்பிரிட் ஊற்றினாள். பாட்டில்கள் கலங்குவது நின்றது. எங்கள் வீட்டில் அழுக்கு என்ற சொல்லுக்கு மட்டும் அவள் தடை போட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக விருந்தாளி என்று சொல்ல வேண்டும். இன்றைக்கு நாலு பாட்டிலில் ஒரு விருந்தாளி என்று நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஒப்பிக்க வேண்டும். ரத்தத்துக்குள்ளேயே இருக்கிற நிஜமான கிருமிக்கு வீட்டுக்காரன் என்று பெயர். எப்படி வித்தியாசம் தெரியும் என்று அண்ணன் ஒருநாள் கேட்டான். இந்தக் கையில் ஒரு பாட்டிலும் அந்தக் கையில் ஒரு பாட்டிலும் ஏன் எடுக்கிறோம் என்பதை நான் சுற்றிவளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மதினி குறுக்கே வந்தாள். "விருந்தாளின்னா ஒரு வாசல்ல தலையக் காட்டிட்டுப் போயிருவான். வீட்டுக்காரன்னா எந்தக் கதவத் தட்டுனாலும் அவனே வந்து தொறப்பான். அவ்வளவுதான்." அண்ணனுக்கு விளங்கிவிட்டது.

சில வருடங்கள் போயின. மதினிக்குச் சாயங்காலம் சாயங்காலம் லேசாக உடம்பு சுட ஆரம்பித்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். தட்டில் சோறு மிஞ்சுவதை அண்ணன்தான் முதலில் பார்த்தான். ஜாக்கெட் தொளதொளவென்று ஆனதை என் மனைவி பார்த்தாள். அடுத்தவர் ரத்தத்தை நாள் முழுக்கப் பார்க்கிற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் அவளைக் கட்டாயப்படுத்திப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கல்ச்சர் எடுத்துரும்" என்று என்னிடம் சொன்னார்.

வேறு நர்ஸ் எடுக்கட்டும் என்று விட்டிருக்கலாம். நான்தான் எடுப்பேன் என்றேன். துடைத்தேன், எடுத்தேன், பாட்டிலில் செலுத்தினேன். "ஊசியப் பிடிச்சுக்கிட்டு ஏன் தம்பி சாமி ஆடுதீங்க?" என்று அவளே கேலி செய்தாள். வலது கையில் எடுத்த பாட்டில் தெளிவாகவே இருந்தது. இடது கைப் பாட்டில் கலங்கியது. தட்டில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். அன்று எங்கள் விரல்கள் பட்ட தட்டுகளில் முளைத்த அதே சாதுவான தோல் கிருமி. ஒரு வாசல்தான். மதினியின் சட்டப்படி விருந்தாளி. எனக்கு வந்த சந்தோஷத்தில் லேப்பிலிருந்து வார்டுக்கு ஓடினேன் என்றே சொல்லலாம். மதினியும், "நான்தான் சொன்னேன்லா, ஒண்ணுமில்லன்னு" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவியளுக்கு நெஞ்சுல உலோகம் இருக்கு. நமக்கு விருந்தாளியா இருக்கவன், உலோகத்தப் பாத்தா ஒட்டிக்கிட்டுக் குடியேறிருவான். உமக்குத் தெரியாததா?" என்றார். எனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் நான் அந்த அரை நாளாக நினைக்காமல் இருந்தேன். "எனக்கும் அது விருந்தாளியா இருந்தாத் தேவலன்னுதான் இருக்கு. அதனாலதான் எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல. மறுபடி எடும்" என்றார். நிஜமென்றால் மதுரையில் வாரக்கணக்கில் படுத்து, கடுமையான ஊசிமருந்துகள் ஏற்ற வேண்டும். சிறுநீரகம் தாங்க வேண்டும், காது தாங்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் நெஞ்சை மறுபடியும் திறக்க வேண்டும். நிஜமாக இருந்து நாங்கள் விருந்தாளி என்று விட்டுவிட்டால், அந்தக் கிருமி வால்வைத் தையலோடு பெயர்த்துவிடும். அப்புறம் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க காயுததுக்கு முன்னால குத்திட்டீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். உங்க கை அழுக்கு தம்பி" என்றாள்.

அவளே தடை போட்ட சொல். தான் எடுத்த ஒரு பாட்டிலையும் அழுக்கு என்று ஒப்புக்கொள்ளாதவள், இப்போது தன் ரத்தத்தையே அழுக்கென்று சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சண்டை போடுகிற குரலில்லை அது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இன்னொரு தடவ நெஞ்சத் தொறந்தா நான் எந்திரிக்கமாட்டேன் தம்பி. எனக்குத் தெரியும்" என்றாள். நான் காயவிடாமல் குத்தினேனா இல்லையா என்று எனக்கே நிச்சயமில்லை. அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அதையே பிடித்துக்கொண்டேன். "அப்பம் மறுபடி எடுப்போம் மதினி. இந்தத் தடவ நீங்க எடுக்குற மாதிரியே எடுக்குதேன். விருந்தாளின்னா தெரிஞ்சுபோகும்லா?" அவள் கையை நீட்டினாள்.

மத்தியானம் பார்வையாளர் நேரம் முடிந்து வார்டு அடங்கியிருந்தது. கையை அவள் கழுவுகிற மாதிரி முழங்கைவரை கழுவினேன். ஜாடியைத் திறந்து பஞ்சை எடுத்தேன். முதலில் ஸ்பிரிட், அப்புறம் அயோடின், மறுபடி ஸ்பிரிட், நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமாக. பஞ்சைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

"மதினிக்கு எந்த ஊரு?"

அவளுக்கு ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "நமக்குக் குளத்தூர்ப் பக்கம்." "பக்கம்னா எங்கன?" அவள் சொன்னாள். ஊரின் ஒரு பக்கம் கரிசல், மறுபக்கம் போனால் உப்பளம். காலையில் பருத்தி எடுக்கப் போகிறவர்களும் உப்பு வாரப் போகிறவர்களும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைப்பார்களாம். மூட்டுக் காய்ச்சல் வந்து நடக்க முடியாமல் கிடந்தபோது அவளை அவள் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு பஸ் வரும் ரோடுவரை நடந்தாராம். "பொண்ணு குடுத்த ஊரு கோவில்பட்டி. அங்கன எனக்கு ஒரு கொழுந்தன் இருக்கான். ரத்தத்தப் பாத்தா ஆள மறந்துருவான்." அவள் பேசப் பேச எனக்கு டிக், டிக் என்ற சத்தமும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் அவ்வளவு பயமும் அவ்வளவு பிரியமும் எனக்கு ஒன்றாக வந்தது அன்றுதான். கை காய்ந்திருந்தது. குத்தினேன். இந்த முறை நடுங்கவில்லை.

கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்த கை. அதற்கு அவள் கல்யாணக் கதை போதுமானதாக இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று அண்ணன் கேசரியைக் கீழே கொட்டியது எனக்கே புதுச் செய்தி. மூன்றாவதாக வேறோர் இடத்தில் எடுக்க வேண்டியிருந்தபோது, "ஊரெல்லாம் சொல்லி முடிச்சாச்சே, இனி என்ன இருக்கு?" என்றாள். அவள் நோயாளிகளிடம் கேட்கிற வரிசைதான் எனக்கும் நாக்கில் பழகிக் கிடந்தது. "பிள்ளைக எத்தன?" என்று வாயில் வந்துவிட்டது. சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வால்வுக்காக அவள் தினமும் சாப்பிட்ட மருந்தோடு பிள்ளை பெறக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மதினி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணுதான். உங்க மகளா வளருது" என்றாள்.

நான் தலையைக் குனிந்து ஊசியைச் சரிபார்ப்பதுபோல் வெகுநேரம் நின்றேன். ஸ்பிரிட் எப்போதோ காய்ந்திருந்தது.

எல்லாப் பாட்டில்களும் கலங்கின. எல்லாத் தட்டிலும் அதே வெள்ளைப் புள்ளிகள். மைக்ரோஸ்கோப்பில் திராட்சைக் கொத்துப் போல அதே உருண்டைக் கிருமி. கிருமிக்குக் கிருமி வேறுபாடு காட்டும் சோதனைகள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன், எங்காவது ஒன்று மாறி வராதா என்று. மாறவில்லை. டாக்டரிடம் காட்டினேன். அவர் மதுரைக்குப் போன் செய்ய எழுந்தார். நான் வீட்டுக்கு நடந்தேன். லீவில் இருந்த மதினி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே கை நின்றுவிட்டது.

"எத்தன வாசல் தம்பி?"

"எல்லா வாசல்லயும் அவனேதான் மதினி."

அவள் ஒரு காம்பை உருவி முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அப்பம் வீட்டுக்காரன்தான்."

"ஆமா."

"என்னக் கேக்காம குடிவந்த பய" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "சரி, காலி பண்ண வைப்போம். உங்க அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீங்க வாயத் தொறக்காதீங்க. கீரைய அடுப்புல போட்டுட்டுக் கெளம்புவோம்."

மதுரையில் அவளுக்கு நெஞ்சைத் திறக்க வேண்டிவரவில்லை. சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்று அங்கே சொன்னார்கள். வாரக்கணக்கில் மருந்து ஏறியது. இரண்டு கையும் நரம்பு தேடித் தேடிக் கன்றிப்போயின. ஊசி போட வருகிற ஒவ்வொரு நர்ஸிடமும் ஊர் விசாரித்து, அந்த வார்டையே தன் சொந்தக்காரர்கள் ஆக்கிவிட்டுத்தான் திரும்பினாள். மருந்து கொஞ்சம் காதைத் தின்றுவிட்டது. சன்னமான சத்தங்கள் அவளுக்குக் கேட்பதில்லை. வந்த முதல் நாள் அடுப்படியில் நின்றுகொண்டு, "தம்பி, என் சத்தம் எனக்கே கேக்கல" என்றாள். சொல்லிவிட்டு, "நல்லதாப் போச்சு, இத்தன வருசமா இந்த டிக் டிக்கு என்னத் தூங்கவிட்டுச்சா?" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. என் மகள் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நெஞ்சில் காதை வைத்தாள். "கேக்குதா?" என்று மதினி கேட்டாள். "கேக்குது பெரியம்மா. பெரியப்பா காப்பி கேக்காரு." அதற்கப்புறம் கொஞ்ச காலம் தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அந்தச் சோதனை நடந்தது. பெரியம்மாவுக்குப் பதில் மகள் கேட்டுச் சொல்லுவாள்.

மதினி அதற்குப் பிறகும் பல வருடங்கள் எங்களோடு இருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள், என் மகளின் கல்யாணத்தில் பந்தியை அவள்தான் மேய்த்தாள். சில வருடங்களுக்கு முன், வயதாகி, காய்ச்சல் எதுவும் இல்லாமல், தூக்கத்தில் போய்விட்டாள். அடுப்படியில் நிற்கும்போது இன்னும் எனக்கு ஏதோ ஒரு சத்தம் குறைகிற மாதிரிதான் இருக்கிறது. அவள் இல்லாதது எனக்குக் காதில்தான் முதலில் தெரிகிறது.

போன மாதம் விடாத காய்ச்சலோடு என்னை மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இப்போது ஜாடியும் இல்லை, பஞ்சும் இல்லை. ஸ்பிரிட்டில் நனைத்த சதுரத் துணி ஒன்று, காகித உறைக்குள் தனித்தனியாக வருகிறது. கலங்குகிற பாட்டிலைக் கண்ணால் பார்க்கவும் வேண்டியதில்லை, மெஷின் கண்டுபிடித்துச் சத்தம் கொடுக்கும். ஒரு சின்ன நர்ஸ் பிள்ளை வந்து உறையைக் கிழித்து என் கையைத் துடைத்தாள். அவளுக்கு இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள் போல. துடைத்த கையோடு ஊசியை எடுத்துவிட்டாள். தோல் இன்னும் மினுமினுவென்று ஈரமாக இருந்தது. வேலை தெரிந்தவன் மாதிரி அவளுக்குப் பாடம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"உனக்கு எந்த ஊரும்மா?" என்றேன்.

ஊசி நின்றது. "எட்டயபுரம் பக்கம் சார்."

"பக்கம்னா எங்கன?"

அவள் சிரித்துவிட்டாள். ஊரைச் சொன்னாள், ஊருக்குப் பாதை பிரிகிற, பஸ் நிற்கிற விலக்கைச் சொன்னாள், அப்பாவுக்குக் கொஞ்சம் உளுந்துக் காடு இருப்பதைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது என் கை காய்ந்திருந்தது. குத்தினாள். வலிக்கவில்லை. பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த கைக்காகக் கட்டிலைச் சுற்றி வந்தாள். புது உறையைக் கிழித்து, துடைத்தாள். ஊசியை எடுக்காமல் என்னைப் பார்த்து, "உங்களுக்கு எந்த ஊரு சார்?" என்று அவளாகவே கேட்டாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் அவசரப்படாமல், ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.